நாகர்கோவில் பக்கத்துல இருந்து குதிர ரேஸுக்குப் போறவங்களுக்கு: ஒரு நாள் கார்ட எப்படிப் படிக்கணும், எந்த ரேஸ விடணும்

நம்ம மாவட்டத்துல ரேஸ் கோர்ஸ் கிடையாது, திருநெல்வேலிலயும் கிடையாது, பார்டர் தாண்டி திருவனந்தபுரத்துக்குப் போனாலும் கிடையாது. அதனால நம்ம ஆளுகளுக்கு ரேஸ்னா களியக்காவிளைக்கு அங்கிட்டு போயி கேரளா லாட்டரி வாங்குற மாதிரி ஒரு சமாச்சாரம்னுதான் நெனப்பு, நம்பரப் பாத்து, ராசியப் பாத்து, குதிரையோட பேரு நல்லாருக்கான்னு பாத்து பணத்த வெச்சிட்டு வந்துருவாவ. லாட்டரில யோசிக்க ஒண்ணுமில்ல, ரேஸுல யோசிக்க ஒருபாடு இருக்கு. 1996-ல சுப்ரீம் கோர்ட்டே குதிரப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம்னு சொல்லித்தான் தமிழ்நாடு கேஸ்ல தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா அந்தத் திறமைய தெரியாதவனுக்கு சொல்லித்தர ஒரு ஆளும் இல்ல, கவுண்டர்ல கேட்டா பின்னால நிக்கவன் கத்துவான், பக்கத்துல நிக்கவன்கிட்ட கேட்டா அவன் டிப்ஸ் விக்கதுக்கு ஆள் தேடிட்டு நிப்பான். நான் அப்படித் தட்டுத்தடுமாறிப் படிச்சத வரிசையா எழுதுதேன், புதுசா போறவங்க இத ஒருதடவ படிச்சிட்டுப் போங்க.

ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிருதேன். இது சம்பாதிக்க வழி இல்ல. வரியப் பத்தி கீழ வர்ற கணக்கப் பாத்தா உங்களுக்கே தெரியும். ஒருநாள் பொழுதுக்கு மூளைக்கு வேல குடுக்கணும், குதிரைங்க ஓடுறத பக்கத்துல நின்னு பாக்கணும்னு நெனக்கிறவங்களுக்குத்தான் இது.

1. மொதல்ல ரேஸ் இருக்கான்னு பாருங்க

பழைய ஆளுங்க சொல்றத நம்பி டிக்கெட் போட்டுராதீங்க. ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்த 2024 ஜூன்ல அரசு எடுத்துட்டு, அதனால "ஏப்ரல் மாசம் ஊட்டிக்குப் போனா ரேஸ் பாக்கலாம்"ங்கறது பழைய கத. சென்னை கிண்டிலயும் 2024 செப்டம்பர்ல அரசு குத்தகைய ரத்து பண்ணி சீல் வெச்சு, பொறவு அது கோர்ட்டு விவகாரமாப் போச்சு. பெங்களூர்லயே 2024-ல லைசென்ஸ் பிரச்சனைல கொஞ்ச நாள் ரேஸ் நின்னுச்சு. ஆகக்கூடி எந்த ஊருக்குப் போறதா இருந்தாலும் அந்தந்த கிளப்போட வெப்சைட்ல அந்த வாரத்து தேதி இருக்கா, கார்ட் (அன்னிக்கு ஓடுற ரேஸ், குதிர எல்லாம் போட்ட பட்டியல்) வந்திருக்கான்னு பாத்துட்டுதான் கெளம்பணும். சீசன் பட்டியல் மாசக்கணக்குக்கு முன்னாடியே போட்டிருப்பாவ, அத மட்டும் பாத்தா போதாது.

நம்ம ஊருக்கு வசதி பெங்களூர்தான். அங்க கோடை சீசன் சுமாரா மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், குளிர்கால சீசன் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். கோர்ஸும் மெஜஸ்டிக் ஸ்டேஷன்ல இருந்து கொஞ்ச தூரந்தான், ஆட்டோல போயிரலாம். ஐதராபாத், மும்பை, புனே எல்லாம் இருக்கு, ஆனா மொத தடவைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம்.

2. ரயிலு, ஐடி, கைச்செலவு

கன்னியாகுமரில இருந்து பெங்களூருக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இருக்கு, இரணியல், குழித்துறைலயும் நிக்கும். காலைல ஏறுனா கேரளா முழுக்க சுத்தி மறுநாள் காலைல எறக்கிவிடும். மதுர வழியா போற நாகர்கோவில் பெங்களூர் வண்டி சாயங்காலம் கெளம்பி மறுநாள் காலைல போய்ச் சேரும். ஸ்லீப்பர்ல ஒரு பக்கத்துக்கு 500 ரூபா பக்கம் வெச்சிக்கோங்க. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் தொறக்குது, முன்ன மாதிரி 120 இல்ல. தட்கல்னா ஸ்லீப்பருக்கு காலைல 11 மணி, ஆன்லைன்ல எடுக்கணும்னா ஆதார் வெரிஃபை ஆயிருக்கணும். ஜூன், ஜூலைல கேரளா வழி வண்டி மழைல லேட்டாகும்னு நமக்குத் தெரியும்லா, அப்ப மதுர வழியே நல்லது. ரேஸ் மத்தியானந்தான் தொடங்கும், அதனால காலைல எறங்கிக் குளிச்சு சாப்பிட்டு, கார்ட இன்னொருதடவ பாக்க நேரம் இருக்கும்.

கையில வேண்டியது: ஆதாரோ லைசென்ஸோ ஏதாவது ஒரு ஐடி, பான் கார்ட் (எதுக்குன்னு கடைசில சொல்லுதேன்), பேனா ரெண்டு, ஒரு நோட்டு. மொபைல் விஷயத்துல கிளப்புக்கு கிளப் ரூல் மாறும், அதனால எல்லாத்தயும் போன்ல வெச்சிட்டு கேட்டுல நின்னு முழிக்காம பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க. சாரம் கட்டிட்டுப் போகாதீங்க, பேண்ட் சட்ட, ஷூ போட்டுட்டுப் போனா எந்த ஸ்டாண்டுலயும் (ரேஸ் பாக்குற கேலரி) பிரச்சனை இல்ல. 18 வயசு ஆகாத பசங்கள பந்தயம் வெக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க.

பணம்: பந்தயத்துக்குன்னு ஒரு தொகைய வீட்லயே எண்ணி தனிக் கவர்ல போடுங்க, திரும்புற செலவு வேற கவர்ல. ஏடிஎம் கார்ட லாட்ஜுலயே வெச்சிட்டு வந்தா இன்னும் கொள்ளாம். நக அடகு வெச்ச பணம், வட்டிப் பணம், சீட்டுப் பிடிச்சு எடுத்த பணம் இதெல்லாம் உள்ளயே கொண்டு போகக் கூடாது. தோத்தத அடுத்த ரேஸுல எடுத்துரலாம்னு டபுளா வெக்கிற ஆசாமி ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் நாலு பேராவது இருப்பான், மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சிரலாம்.

3. குதிரைய அப்பறம் பாருங்க, மொதல்ல ரேஸ தரம் பிரிங்க

இதுதான் நான் எழுத வந்த முக்கியமான விஷயம், மத்ததெல்லாம் இதுக்குத் துணைதான்.

புதுசா போறவங்க எல்லாரும் ஒண்ணாம் ரேஸுல தொடங்கி கடைசி ரேஸ் வரைக்கும் எல்லாத்துலயும் ஜெயிக்கிற குதிரைய கண்டுபிடிக்கப் பாப்பாவ. ஏழெட்டு ரேஸ், ஒவ்வொண்ணுலயும் எட்டு பத்து பன்னெண்டு குதிர, ரேஸுக்கு ரேஸ் அரைமணி நேரம் இடைவெளி, இதுல மண்ட காய்ஞ்சு போகும். அப்படி வேண்டாம். ரேஸுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே எந்தக் குதிரங்க ஓடுதுன்னு லிஸ்ட் வந்துரும், வீட்ல உக்காந்து அந்த நாளோட ரேஸ் எல்லாத்தயும் மூணு குவியலா பிரிங்க.

மொதக் குவியல், படிக்க முடியிற ரேஸ். குதிர எண்ணிக்க கொறவா இருக்கும், பெரும்பாலான குதிரங்க இதே தூரத்துல சமீபத்துல ஓடியிருக்கும், அதுல ரெண்டு மூணு ஒண்ணுக்கொண்ணு மோதியிருக்கும், அதனால ஒப்பிட ஆதாரம் இருக்கு.

ரெண்டாவது, பாதி படிக்க முடியிற ரேஸ். நாலு குதிரைக்கு வாய்ப்பு இருக்குன்னு சொல்லலாம், ஒண்ண மட்டும் சொல்ல முடியாது.

மூணாவது, விட்டுற வேண்டிய ரேஸ். இதுவரைக்கும் ஜெயிக்காத குதிரங்களுக்குன்னு வெக்கிற மெய்டன் ரேஸுல பாதிக்கு மேல மொத தடவ ஓடுற குதிரங்களா இருந்தா அதுல நமக்கு என்ன தெரியும், ஒண்ணும் தெரியாது, ஸ்டேபிள்ல, அதாவது குதிர லாயத்துல இருக்கவனுக்குத் தெரியும். அதே மாதிரி அடிமட்ட கிளாஸ்ல (தரம் கொறஞ்ச குதிரங்களுக்கான பிரிவு) பன்னெண்டு பதினாலு குதிர ஓடுற 1200 மீட்டர் ரேஸ், எல்லாம் ஒருநாள் ஓடும் ஒருநாள் ஓடாது ரகம். மாசக்கணக்கா ரெஸ்ட் எடுத்துட்டு வர்ற குதிரங்க நெறய இருந்தாலும் விட்டுருங்க.

சாதாரணமா ஒரு நாள் கார்டுல மொதக் குவியல்ல ரெண்டு ரேஸ் தேறும். சில நாள் ஒண்ணு. ஒண்ணுகூட தேறலைன்னா அன்னிக்கு சும்மா பாத்துட்டு, டீ குடிச்சிட்டு வந்துருங்க. விட்ட ரேஸுல நீங்க மனசுல நெனச்ச குதிரயே ஜெயிச்சிரும், அப்ப வெப்ராளப்படாதீங்க, நெனச்சு தோத்தது எத்தனங்கறத மனசு எண்ணாது.

4. ரேட்டிங்கும் எடையும்

பெரும்பாலான ரேஸ் ஹேண்டிகேப்தான். அதாவது ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் நம்பர் இருக்கும், நல்லா ஓடுனா ஏறும், மோசமா ஓடுனா எறங்கும். கார்டுல "20 முதல் 45 வரை ரேட்டிங்" அப்படின்னு போட்டிருந்தா அதுக்குள்ள இருக்க குதிரங்கதான் ஓடும், ரேட்டிங் கூட இருக்கதுக்கு முதுகுல எடையும் கூட. நம்ம நாட்டுல கணக்கு என்னன்னா ஒரு பாயிண்டுக்கு அரைக் கிலோ. 45 ரேட்டிங் குதிரைக்கும் 25 ரேட்டிங் குதிரைக்கும் 20 பாயிண்ட் வித்யாசம், அப்ப 10 கிலோ வித்யாசம். நம்பர் போடுறதும் இந்த வரிசைலதான், 1-ம் நம்பர் குதிரதான் அதிக எடை சொமக்கும், கடைசி நம்பருக்குக் கொறவு.

இத எப்படிப் பயன்படுத்தணும்னு ஒரு உதாரணம் சொல்லுதேன். போன மாசம் 1600 மீட்டர்ல ஒரு குதிர இன்னொண்ண 2 லெங்த்துல (ஒரு லெங்த்னா ஒரு குதிரையோட நீளம்) ஜெயிச்சிருக்குன்னு வெச்சிக்கோங்க. ஜெயிச்சதுக்காக அதுக்கு 8 பாயிண்ட் ஏத்திட்டாங்க, தோத்ததுக்கு மாத்தல. இப்ப ரெண்டும் திரும்ப மோதுது. 8 பாயிண்டுன்னா 4 கிலோ. மைல் தூரத்துல ஒரு கிலோவுக்கு சுமாரா ஒரு லெங்த்துன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அப்ப 4 கிலோவுக்கு 4 லெங்த், 2 லெங்த்துல ஜெயிச்சது இப்ப கணக்குப்படி 2 லெங்த்துல தோக்கணும். சின்ன தூரத்துல எடையோட பாதிப்பு இதவிடக் கொறவு. கூட்டம் பூரா "போன தடவ ஜெயிச்ச குதிர"ன்னு அது பின்னால ஓடும்போது நீங்க ரெண்டாவது வந்ததப் பாக்குறது இதனாலதான்.

கணக்கு எப்பவும் இப்படியே நேராட்டு வராது. வளர்ற வயசுல இருக்க மூணு வயசுக் குதிர எட ஏறுன பொறவும் ஜெயிச்சிட்டே போகும், ஹேண்டிகேப் போடுறவரு அத எட்டிப் பிடிக்க நாலஞ்சு ரேஸ் ஆகும். ஏழு வயசுக் கெழட்டுக் குதிர ரேட்டிங் எறங்கி எறங்கி லேசான எடைல வந்தாலும் ஓடாது, ஆனா பெரிய கிளாஸ்ல அடிபட்டுட்டு சின்ன கிளாஸுக்கு எறங்கி வர்ற அஞ்சு வயசு குதிர, அதுவும் முன்னால இதே கிளாஸ்ல ஜெயிச்சிருக்குன்னா, அதுக்கு ஒரு வட்டம் போட்டு வைங்க.

5. தூரம், கேட்டு, ஜாக்கி

தூரம்: 1000, 1200-ல ஜெயிச்ச குதிரைய 1800-ல பாத்தா சந்தேகப்படணும். மொத தடவ தூரம் ஏறுதுன்னா போன ரேஸுகள்ல கடைசி 200 மீட்டர்ல முன்னேறி வந்திருக்கா, பின்தங்கிப் போயிருக்கான்னு வீடியோல பாருங்க. பெரும்பாலான கிளப் ரேஸ் வீடியோவ வெப்சைட்ல போடுது. ஆறாவது வந்ததுன்னு மட்டும் கார்டுல இருக்கும், ஆனா வளைவுல வழி கெடைக்காம பிரேக் போட்டு, நேர் ரோட்டுல வந்து கடகடன்னு ஏறி ஆறாவது வந்திருக்கும், அது வேற ஆறாவது.

கேட்டு நம்பர்ல ஒரு குழப்பம் இருக்கு, இதுல நெறய பேரு மாட்டுவாவ. கார்டுல குதிர நம்பர் வேற, எந்த ஸ்டால்ல (தொடங்குற எடத்துல குதிரைய நிறுத்துற கூண்டு) இருந்து கெளம்புதுங்கற ட்ரா நம்பர் வேற. டிக்கெட் எடுக்கும்போது சொல்ல வேண்டியது குதிர நம்பர். ட்ரா நம்பர சொல்லி வேற குதிரைக்கு டிக்கெட் வாங்கிட்டு நிக்கவங்கள எத்தனயோ பாத்தாச்சு. நோட்டுல குதிர நம்பர பெருசா எழுதி வட்டம் போட்டுக்கோங்க, ட்ராவ சின்னதா ஓரத்துல. ட்ராவால ரொம்ப பாதிப்பு வளைவுக்குப் பக்கத்துல தொடங்குற ரேஸ்லதான், வெளி ஸ்டால்ல இருக்க குதிர சுத்தி வர வேண்டியிருக்கும்.

எத்தன குதிர முன்னால பாஞ்சு ஓடுற ரகம்னும் எண்ணுங்க. ஒண்ணே ஒண்ணுன்னா அது தனியா போயி மூச்சு விட்டு ஓடி கடைசிவரைக்கும் தாக்குப்பிடிச்சிரும். மூணு நாலு இருந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சிகிட்டு சோந்துரும், பின்னால இருந்து வர்றது ஜெயிக்கும்.

ஜாக்கி (குதிர மேல ஏறி ஓட்டுறவரு): ஒரு ட்ரெய்னர் ஒரே ரேஸுல ரெண்டு குதிரைய எறக்குறாருன்னா அவரோட மொத ஜாக்கி எதுல ஏறுறாருன்னு பாருங்க. அப்ரண்டிஸ், அதாவது வேல படிக்கிற ஜாக்கிப் பையன் ஏறுனா எடைல அலவன்ஸ் (கொறப்பு) உண்டு, அந்த அலவன்ஸ் போகதான் உண்மையான எடை, கார்டுல உள்ள எடைல இருந்து அத கழிச்சுப் பாக்கணும். ஜாக்கி பேருக்காகவே குதிரைய எடுக்கிறது வேண்டாம், பேரு பெருசுன்னா ஆட்ஸ்லயே (ஜெயிச்சா ஒண்ணுக்கு எவ்வளவுங்கற ரேட்டு) அதோட வெல ஏறியிருக்கும், கெடைக்கிறது கொறயும்.

6. காலைல ஓடுன டைமிங்

ஆங்கிலப் பேப்பர் தி இந்து ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ரேஸ் செலக்ஷனும் (எது ஜெயிக்கும்ங்கற கணிப்பு) ட்ராக் வொர்க்கும் வரும், நாகர்கோவில்லயே கெடைக்கும். ட்ராக் வொர்க்னா குதிரங்கள காலைல பயிற்சிக்கு ஓட விடுற நேரத்த ஸ்டாப்வாட்ச்ல பிடிச்சுப் போடுறது. பாக்க தந்தி மாதிரி இருக்கும்: அவுட்டர் சாண்ட் (வெளி மணல் ட்ராக்), குதிர பேரு, பிராக்கெட்ல ஜாக்கி, 1-14, 600/42, அதுக்கு பொறவு ரெண்டு வார்த்த கருத்து. அதாவது மொத்த தூரத்துக்கு 1 நிமிஷம் 14 செகண்ட், கடைசி 600 மீட்டருக்கு 42 செகண்ட். பிராக்கெட்ல ஆர்பின்னு இருந்தா அது ரைடிங் பாய், ஜாக்கி இல்ல.

இதுல இருக்க கண்ணி: 600-ஐ 40-ல ஓடிருச்சுன்னு குதிச்சு எழும்பாதீங்க. மணல்ல ஓடுனதா புல்லுலயா, உள் ட்ராக்கா வெளி ட்ராக்கா, மேல இருந்தது யாரு, விரட்டி ஓட்டுனானா கட்டிப்பிடிச்சு ஓட்டுனானா, இதெல்லாம் சேத்துப் பாக்கணும். அதே நாள், அதே ட்ராக்குல ஓடுன மத்த குதிரங்களோட மட்டுந்தான் ஒப்பிடலாம். டைம விட "லேசா ஓடுச்சு", "பிடிச்சு நிறுத்துனாங்க"ங்கற அர்த்தத்துல வர்ற கருத்துக்குத்தான் நான் அதிகம் மதிப்பு குடுப்பேன். அதோட ஒரே குதிரைக்கு பதினைஞ்சு நாளா ஒழுங்கா வொர்க் வந்திட்டிருக்கான்னு பாருங்க, நடுவுல ஒரு வாரம் ஆளையே காணோம்னா கால்ல ஏதோ கோளாறு இருந்திருக்கலாம்.

பேப்பர்ல வர்ற செலக்ஷன கடைசியா பாருங்க. முன்னாடியே பாத்துட்டா உங்க கண்ணு அதத்தான் தேடும்.

7. பேடக்ல பத்து நிமிஷம்

ரேஸுக்கு முன்னாடி பேடக்குங்கற எடத்துல குதிரங்கள சுத்தி நடத்திக் காட்டுவாங்க. மொத நாள் கூட்டத்த இடிச்சுகிட்டாவது போயி கம்பிப் பக்கம் நில்லுங்க. சந்தைல மாடு பிடிக்கப் போற ஆளு பல்லோட நிறுத்தமாட்டான், கொஞ்ச தூரம் நடக்க விட்டு நடையப் பாப்பான், இங்கயும் அதுதான். பின்னங்கால் முன்னங்கால் பதிஞ்ச எடத்துக்கு மேல தாண்டி விழுதா, தலைய அமைதியா ஆட்டிட்டு வருதா, தோல் மினுங்குதா. கழுத்துலயும் பின்தொடைக்கு நடுவுலயும் சோப்பு நொர மாதிரி வெள்ளையா வேர்வ தள்ளுனா, வால சும்மா சும்மா அடிச்சிட்டிருந்தா, ரெண்டு பேரு பிடிச்சும் நிக்காம துள்ளுனா, அது ரேஸ அங்கயே ஓடி முடிச்சிருச்சுன்னு அர்த்தம். வெயில் நாள்ல எல்லாக் குதிரைக்கும் கொஞ்சம் வேர்க்கும், அது ஒண்ணுமில்ல. எப்பவுமே இப்படித் துள்ளிட்டே ஜெயிக்கிற சவமும் உண்டு, அது பழகப் பழகத்தான் தெரியும்.

கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்பு, பிளிங்கர், மொத தடவ போட்டிருக்கான்னு கார்டுல குறிப்பு இருக்கும். சோம்பேறிக் குதிர அதுல திடீர்னு ஓடிரும்.

பேடக் பாக்குறது எடுக்கறதுக்கு இல்ல, கழிக்கறதுக்கு. வீட்ல இருந்து வட்டம் போட்டுட்டு வந்த குதிர நொர தள்ளிட்டு நின்னா அந்த ரேஸ விட்டுருங்க. வீட்ல கழிச்சுவிட்ட குதிர பளபளன்னு இருக்குதேன்னு இங்க வந்து மனச மாத்தாதீங்க. பெங்களூர்ல கோடை சீசன்ல மழ பேஞ்சு ட்ராக் நனைஞ்சா மட்டும் கணக்க திரும்பப் போடணும், கார்டுலயும் போர்டுலயும் பெனட்ரோமீட்டர் ரீடிங்னு ட்ராக்கோட ஈரத்துக்கு ஒரு நம்பர் இருக்கும், நம்பர் கூடுனா தர இளகியிருக்கு. நனைஞ்ச தரைல முன்ன ஓடுன குதிர எதுன்னு நோட்டுல தேடுங்க.

8. ஆட்ஸும் வரியும் சேந்தா என்ன ஆகும்

2/1-னா ஒண்ணுக்கு ரெண்டு, ஜெயிச்சா 100-க்கு 200 லாபம், உங்க 100-ம் திரும்ப வரும். மூணு தடவைல ஒரு தடவ ஜெயிச்சாதான் அது சரிக்குச் சரி. உலகம் பூரா ஃபேவரிட் (அதிகப்பேரு பணம் வெக்கிற) குதிரங்க சுமாரா மூணுல ஒண்ணு ஜெயிக்குது, அப்ப சரியாத்தான இருக்குன்னு தோணும்.

இங்கதான் ஜிஎஸ்டி வருது. முன்ன 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40 சதவீதம், அதுவும் ஜெயிச்ச பணத்துக்கு இல்ல, வெக்கிற பந்தயத் தொகை முழுசுக்கும். 100 ரூபா பந்தயத்துக்கு மேல 40 ரூபா வரின்னு கணக்கு வெச்சிப் பாருங்க, கையில இருந்து போறது 140. 2/1-ல ஜெயிச்சா வர்றது 300. அப்ப நூறுல 47 தடவ ஜெயிச்சாதான் மொதலு தேறும். ஒண்ணுக்கு ஒண்ணு ஃபேவரிட்டா, வர்றது 200, நூறுல 70 தடவ ஜெயிக்கணும். எந்தக் கொம்பனாலயும் ஆகாது. அதனாலதான் எல்லா ரேஸுலயும் வெக்காதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லுதேன், வெக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் குழிக்குள்ள இருந்துதான் தொடங்குது. ரேட் சின்னதா இருக்க ஃபேவரிட்ட நோட்டுல எழுதி வைங்க, பணம் வெக்காதீங்க.

மொபைல் ஆப்ல வெச்சா வரி இல்லன்னு யாராவது சொன்னா பக்கத்துலயே போகாதீங்க. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்கள 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. டெலிகிராம்ல "இன்னிக்கு ஷூர் ஷாட்"னு வர்றவன் பாதி பேருக்கு ஒரு குதிரையும் பாதி பேருக்கு இன்னொண்ணும் அனுப்புவான், ஜெயிச்ச பாதிகிட்ட மறுநாள் ஃபீஸ் கேப்பான். டோட் கவுண்டர் (கிளப்பே நடத்துற பந்தயக் கவுண்டர்), உள்ள லைசென்ஸோட நிக்க புக்கி (பந்தயம் வாங்குற ஆளு), இது ரெண்டத் தவிர வேற எங்கயும் வேண்டாம்.

9. ஜாக்பாட் சீட்டு எழுதுறது

மூணு ரேஸுல வின்னர வரிசையா சொன்னா ட்ரெபிள், நாலுல சொன்னா மினி ஜாக்பாட், அஞ்சுல சொன்னா ஜாக்பாட். எந்தெந்த ரேஸுன்னு கார்டுல போட்டிருக்கும். மொத லெக் (சீட்டுல சேர்ற மொத ரேஸ்) தொடங்கறதுக்குள்ள சீட்டு எடுத்துரணும், கடைசி நிமிஷத்துல கியூ நீளமா இருக்கும்.

ஒரு நாள் முழுக்க உள்ள ரேஸ சேத்துப் படிக்கிறதுக்கு சரியான பரீட்சை இதுதான், தரம் பிரிச்ச வேல இங்கதான் உதவும். ஒரு காம்பினேஷனுக்கு 10 ரூபான்னு வெச்சிப்போம். பெரும்பாலானவங்க ஒவ்வொரு ரேஸுலயும் மூணு மூணு குதிர எழுதுவாவ, 3×3×3×3×3, ஆக 243 காம்பினேஷன், 2430 ரூபா. நீங்க அப்படி எழுதாதீங்க. மொதக் குவியல்ல இருக்க ரெண்டு ரேஸுல ஒரே ஒரு குதிர, இதுக்கு பேங்கர்னு பேரு. பாதி படிக்க முடியிறதுல ரெண்டோ நாலோ. குழப்பமான ரேஸுல ஆறு. 1×1×2×4×6, ஆக 48 காம்பினேஷன், 480 ரூபாதான், ஆனா குழப்பமான ரேஸுல யாரும் எதிர்பாக்காத குதிர வந்தா நீங்க மட்டும் சீட்டுல நிப்பீங்க. பேங்கர் ரெண்டுல ஒண்ணு விழுந்தா மொத்தமும் போச்சு, அத ஒத்துகிட்டுதான் எழுதணும். பேங்கர் போடத் தைரியமா ஒரு ரேஸும் இல்லாத நாள்ல ஜாக்பாட்டே எழுத வேண்டாம்.

சீட்டுல எழுதுன குதிர ஓடாம வாபஸ் ஆனா என்ன ஆகுங்கற ரூல் புக்லயே இருக்கும், மொதல்லயே படிச்சிருங்க. நாலு லெக் சரியா வந்தா ஆறுதலா கொஞ்சம் தர்ற வழக்கமும் இருக்கு, அதனால அஞ்சாவது விழுந்ததும் சீட்ட கசக்கிப் போட்டுராதீங்க.

இன்னொரு யோசன, மொத நாலஞ்சு ரேஸ் நாளுக்கு வீட்ல உக்காந்து பேப்பர்லயே எழுதிப் பாருங்க, பணம் வேண்டாம், ரயில் செலவும் வேண்டாம். ரிசல்ட் சாயங்காலமே வெப்சைட்ல வந்துரும். பேங்கர் எத்தன நின்னுச்சுன்னு நேர்மையா குறிங்க. அதுல பாதிகூட நிக்கலைன்னா பெங்களூருக்கு இப்ப டிக்கெட் போடாதீங்க.

10. டிக்கெட்ட கிழிக்காதீங்க, பான் கார்ட எடுங்க

குதிர கோட்டத் தாண்டுனதும் முடிவு ஆயிராது. ஜாக்கிங்க திரும்ப வந்து எட போடணும், யாராவது குறுக்க வந்தான்னு அப்ஜெக்ஷன் குடுத்தா ஸ்டூவர்ட்ஸ் (ரேஸ கவனிக்கிற அதிகாரிங்க) விசாரிப்பாங்க, மொதலாவது வந்தத ரெண்டாவதா தள்ளிருவாங்க. அறிவிப்பு வர்ற வரைக்கும் டிக்கெட் பாக்கெட்லயே இருக்கட்டும். பணத்த அன்னிக்கே வாங்கிருங்க, நம்ம ஊருக்கு வந்துட்டா பழைய டிக்கெட்டுக்காகத் திரும்ப ரயில் ஏறணும்.

ஒரே டிக்கெட்ல 10,000 ரூபாய்க்கு மேல ஜெயிச்சா 30 சதவீதம் பிடிச்சிட்டுதான் தருவாங்க. 15,000 வந்தா 4,500 போயி கையில 10,500. 2025 ஏப்ரல்ல இருந்து இந்த 10,000 வரம்ப ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாதான் பாக்குறாங்க. அப்ப பான் கார்ட் கேப்பாங்க, பிடிச்சதுக்கு ரசீதும் கேட்டு வாங்கிக்கோங்க.

10,000-க்குக் கீழன்னா பிடிக்க மாட்டாங்க, ஆனா வரி உண்டு. ரேஸ்ல ஜெயிச்ச பணத்துக்கு 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும். உங்களுக்கு வேற வருமானமே இல்லைன்னாலும் அடிப்படை விலக்கு இதுக்குக் கெடையாது, ரயில் டிக்கெட், லாட்ஜு, ரேஸ் புக் எந்தச் செலவும் கழிக்க முடியாது, அதே நாள்ல மத்த ரேஸுல தோத்ததயும் கழிக்க முடியாது. மாசச் சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர் 1 ஃபார்ம்ல இத காட்ட முடியாது, ஐடிஆர் 2 போடணும். உங்க ஆடிட்டர்கிட்ட ஜூலைல ஓடாம, ஜெயிச்ச தேதியும் தொகையும் ரசீதும் அந்த நோட்டுலயே கடைசிப் பக்கத்துல ஒட்டி வைங்க, வருமானவரி வெப்சைட்ல உங்க பேர்ல உள்ள வரிக் கணக்குல (26ஏஎஸ்னு சொல்லுவாவ) பிடிச்ச தொகை ஏறியிருக்கான்னு அடுத்த காலாண்டுல ஒருதடவ பாருங்க, ஏறலைன்னா ரசீத வெச்சு கிளப்புக்கு மெயில் போடுங்க.